சும்மா இருக்கும் யந்திரம்

வீடுகளுக்கும், டாக்டர்களின் கிளினிக்குகளுக்கும், ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் சிறிய சர்வர்களை அமைத்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு கோயம்புத்தூரில் காலம் தள்ளுகிறவன் நான். குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்கவும், கணக்குகளுக்கு நகல் எடுக்கவும், வாசற்புறத்துக் காமிராவின் பதிவுகளைக் காக்கவும் ஒரு மூலையில் இரவு பகலாக விழித்திருக்க வேண்டிய இந்தச் சின்னஞ்சிறு யந்திரங்களில் எது புதிது, எது வேகம் என்று ஒப்பிப்பது சுலபமான காரியந்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பேச்சை அவ்வளவாக மதிப்பதில்லை. "ஏனுங்க தம்பி, இது ராத்திரியும் பகலும் ஓடுச்சுன்னா கரண்ட்டு எவ்வளவுங்க இழுக்கும்?" என்று பீளமேட்டில் ஒரு நூல் வியாபாரி முதல் வார்த்தையாகக் கேட்டார். இத்தனை வருஷ அனுபவத்தில் இதைவிட விவேகமான முதல் கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2012-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு தலைவிரித்து ஆடியபோது, சென்னைக்கு வெளியே இருந்த எங்களுக்கு ஒரு நாளில் பாதிப் பொழுதுக்கு மேல் மின்சாரம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. வசதி உள்ளவர்கள் எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். வாங்கியபின், எந்தச் சாமானைப் போட்டால் பேட்டரி எத்தனை மணி தாங்கும் என்ற கணக்கு வீட்டுப் பெண்களுக்கெல்லாம் மனப்பாடமாயிற்று. அதே வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதிதான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெர்ரி பை என்னும் சிறிய கம்ப்யூட்டர் போர்டு 35 டாலர் விலையில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்க வரும் மாணவர்களின் தொகையும் பயிற்சியும் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருவதைக் கண்ட எபன் அப்டனும் அவர் நண்பர்களும், பள்ளிப் பிள்ளைகள் பயமின்றிப் பிரித்துப் பார்த்துப் பழக வேண்டும் என்ற நோக்கத்துடன் செய்த பொருள் அது. பிள்ளைகளுக்காகப் பிறந்ததை எங்களைப் போன்றவர்கள் இன்வெர்ட்டரில் தொங்கவிட்டுச் சர்வராக்கிக் கொண்டோம். ஒரு டியூப்லைட் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுக்காமல், கரண்ட் போனபின்பும் மணிக்கணக்காக உயிரோடு இருக்கிற கம்ப்யூட்டர் என்பது அந்த நாளில் எங்களுக்கு ஓர் ஆச்சரியமாகவே தோன்றியது.

வீட்டுச் சர்வரின் ஸ்வபாவத்தைப் புரிந்துகொள்ளாமல் அதற்கு யந்திரம் தேடுகிறவர்களே அதிகம். அது பெரும்பாலும் சும்மா இருக்கும். காலையில் யாரோ ஒரு படத்தைக் கேட்பார்கள். இரவு ஒரு மணிக்கு நகல் எடுக்கும் வேலை சிறிது நேரம் நடக்கும். மற்ற நேரமெல்லாம் அழைப்புக்காகக் காத்திருப்பதே அதன் தொழில். ஆகையால் முழு மூச்சுடன் ஓடும்போது அது எவ்வளவு சாமர்த்தியம் காட்டுகிறது என்பதைக் காட்டிலும், ஒன்றும் செய்யாதபோது எவ்வளவு செலவு வைக்கிறது என்பதே வாங்குகிறவர் அறிய வேண்டிய முதல் விஷயம். ஒரு வாட் இடைவிடாமல் எரிந்தால் வருஷத்துக்கு 8.76 யூனிட் ஆகும். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. 60 நாளுக்கு 1,440 மணி. பரணிலிருந்து இறக்கிச் சர்வராக்கிய பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்குமானால், இரண்டு மாதத்தில் 86.4 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும் பங்கு அதற்கே காணிக்கை. 8 வாட்டில் அடங்கிக் கிடக்கும் மினி கம்ப்யூட்டருக்கு அதே காலத்தில் பதினொன்றரை யூனிட் போதும். "சும்மாதானே கிடக்கிறது" என்று பரணிலிருந்து இறக்கியது எப்படி வருஷாவருஷம் செலவு வைக்கிறது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு ஒன்றே போதும். நூல் வியாபாரியும் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பிராசசருக்குப் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. டி.டி.பி. என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது யந்திரத்துக்கு எவ்வளவு உஷ்ணத்தை வெளியேற்றும் வசதி வேண்டும் என்று அதைக் கட்டுகிறவருக்குச் சொல்லும் கணக்கு. மின்சாரக் கட்டணம் செலுத்துகிறவருக்குச் சொன்னது அன்று. 2023-ஆம் வருஷத் தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 என்ற பிராசசருக்கு 6 வாட் என்று போட்டிருக்கும். அதை வைத்துக் கட்டிய முழுக் கம்ப்யூட்டர் வேலைப் பளு ஏறினால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கத் தயங்காது. ஆபீஸ்களிலிருந்து கழித்து விடும் சிறிய பெட்டிகளில் இருக்கிற ஐ5-6500டி என்ற பழைய பிராசசருக்கு 35 வாட் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒதுக்குகிறவர்கள், அந்தப் பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட் சுமாரில் நின்றுவிடுவதை அறியமாட்டார்கள். ஒன்று குறைத்துக் காட்டுகிறது, மற்றொன்று கூட்டிக் காட்டுகிறது. பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்றை நான் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். வாடிக்கைக்காரர் வீட்டில் சர்வரைப் பூட்டி, கால்மணி நேரம் பேசாமல் விட்டு, மீட்டரில் எண் எங்கே இறங்கி நிற்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுவேன். அந்தக் கால்மணியில் 14-இலிருந்து 9-க்கும், சில பெட்டிகளில் 7-க்கும் இறங்கும் எண்ணைக் கண்டவர்கள் அதன்பின் விளம்பரத் தாளைக் கேட்பதில்லை.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரையே சிக்கனமாக்கிக் கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அதன் பவர் சப்ளையே சத்துரு. 450 வாட் திறனுள்ள பவர் சப்ளை ஒன்றின் சாமர்த்தியத்தைச் சோதிக்கிற சாதாரண 80 பிளஸ் பரீட்சை, திறனில் 20 சதவிகிதத்தில், அதாவது 90 வாட்டில், ஆரம்பமாகிறது. 20 வாட் மட்டுமே இழுக்கும் சர்வர் அந்தப் பரீட்சை தொடாத பிரதேசத்தில் வாழ்கிறது. அங்கே வீணாகும் மின்சாரத்துக்கு எந்த முத்திரையும் உத்தரவாதம் இல்லை.

பிராசசரைப் பற்றி இவ்வளவு போதும். வாடிக்கைக்காரர்கள் அதைப்பற்றி ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள். ஆனால் நள்ளிரவில் எனக்குப் போன் வருவதற்குக் காரணமாக இருப்பவை அடாப்டர், கேபிள், மெமரி கார்டு ஆகிய மூன்றுமே.

ராஸ்பெர்ரி பை 5 வோல்ட்டில் ஓடுவது. அது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின் அழுத்தம் குறைவு என்று பதிவு செய்துகொண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செல்போன் சார்ஜர்தானே என்று வீட்டில் கிடந்த ஒன்றைச் செருகுவார்கள். சார்ஜர் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதனுடன் வந்த மெல்லிய வெள்ளைக் கேபிளுக்குள் தலைமயிர் போன்ற செம்புக் கம்பிதான் இருக்கும். போய்வரும் வழியில் கேபிளின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 3 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். போர்டு வரை வந்து சேர்வது 4.4 வோல்ட். சும்மா இருக்கும்போது இழுப்பு குறைவாதலால் எல்லாம் சரியாகவே தோன்றும். இரவு நகல் எடுக்கும் வேளையில் ஹார்ட் டிஸ்க்கும் பிராசசரும் ஒரே க்ஷணத்தில் விழித்து எழ, அப்போதுதான் போர்டு திகைத்து நின்றுவிடும். காலையில் வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாஃப்ட்வேரில் பிழை தேடிப் பல நாட்களை வீணாக்கிய பிறகு என்னை அழைத்தவர்களிடம், நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது அந்தக் கேபிளைத்தான். 2023-இல் வந்த ஐந்தாம் பை 5 வோல்ட்டிலேயே 5 ஆம்பியர் தரும் விசேஷ அடாப்டரை விரும்புகிறது. மற்ற அடாப்டரில் ஓடும், ஆனால் யு.எஸ்.பி. சாமான்களுக்குக் கொடுக்கும் மின்சாரத்தைச் சுருக்கிக்கொள்ளும்.

இன்வெர்ட்டரோடு சேர்த்து வைக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கரண்ட் போன கணத்துக்கும் பேட்டரி ஏற்றுக்கொள்ளும் கணத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கிறது. ஃபேனும் விளக்கும் அதைக் கண் சிமிட்டலாகக் கடந்துவிடும், சிறிய கம்ப்யூட்டர் கடக்காமல் போகலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யு.பி.எஸ். என்று ஒரு பக்கமும் நார்மல் அல்லது எக்கோ என்று மறுபக்கமும் எழுதிய ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. பொருத்திய எலக்ட்ரீஷியன் அதை நார்மலிலேயே விட்டுப் போயிருப்பார். அதை யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாற்றம் விரைவாக நடக்கும், ஆனால் வோல்டேஜ் சற்றுத் தாழ்ந்தாலே பேட்டரிக்குத் தாவும் குணமும் உடன் வரும். இந்த உபத்திரவமே வேண்டாம் என்றால், 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் மினி கம்ப்யூட்டராகப் பார்த்து வாங்கி, ரௌட்டருக்கு விற்கிறார்களே சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ்., அதில் போதிய திறனுள்ள ஒன்றில் நேரடியாகச் சேர்த்துவிடலாம். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக உயர்த்தி, அதை அடாப்டர் மறுபடியும் 12 ஆகத் தாழ்த்தும் வீண் பிரயாணம் அதனால் தவிர்க்கப்படுகிறது. என்100 வகைப் பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுகின்றன. கம்பெனிகள் கழித்துவிடும் பெட்டிகள் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட் கேட்பவை. வாங்குமுன் அடாப்டரின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது.

பேட்டரியும் தீர்ந்து எல்லாம் அணைந்துபோன பின்பு மின்சாரம் வரும்போது, யாரும் பொத்தானை அமுக்காமலே சர்வர் தானாக எழுந்திருக்க வேண்டும். பை இயற்கையாகவே எழும். மினி கம்ப்யூட்டர்களில் பயாஸுக்குள் போய், மின்சாரம் திரும்பினால் இயங்கு என்று ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும். இந்த வசதி இல்லாத மலிவுப் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் நான் சர்வராக வைக்கமாட்டேன், ஏனென்றால் பொத்தானை அமுக்க வேண்டியவர் அந்நேரம் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருப்பார். ஐந்தாம் பைக்கு முந்தியவற்றில் தன் நேரத்தைத் தானே காக்கும் கடிகாரம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: மின்சாரம் வந்து இன்டர்நெட் வராத வேளையில் அவை பழைய நேரத்தோடு எழுந்து, பதிவேடுகளில் நேற்றையும் இன்றையும் குழப்பிவிடும்.

மெமரி கார்டு காமிராவுக்காகப் பிறந்தது. ஓயாமல் சிறு சிறு குறிப்புகளை எழுதிக்கொண்டிருக்கும் சர்வரின் பழக்கத்துக்கு அது ஈடுகொடுக்காது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் கார்டு முழுவதுமே படிக்க முடியாமல் போவதும் உண்டு. எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சேர்ப்பதே நல்லது. அதிலும் யு.எஸ்.பி. வழியாகச் சேர்க்கிறவர்கள், நடுவே இருக்கும் மாற்றுச் சில்லு எது என்று விசாரித்து வாங்க வேண்டும், சில சில்லுகளுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துவராமல் டிஸ்க் நடுவில் காணாமல் போகும். நான்காம் பையின் யு.எஸ்.பி. துவாரங்கள் நான்கும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். சுழல ஆரம்பிக்கும் சிறிய ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கே ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வேண்டியிருக்க, இரண்டைச் செருகிவிட்டு இரண்டாவது தெரியவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. பெரிய மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் அது சும்மா சுழல்வதற்கே கம்ப்யூட்டர் இழுக்கும் அளவு மின்சாரம் வேண்டும் என்பதால், இரண்டு டிஸ்க்குகளுக்கு மேல் வைக்கிறவர் 6 வாட் பிராசசரா 10 வாட் பிராசசரா என்று மூளையைக் கசக்கிக்கொள்வது அநாவசியம்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேன் இல்லாத பெட்டியைச் சத்தமில்லை என்று விரும்பி வாங்கி, கான்கிரீட் கூரையை ஒட்டிய பரணில் வைத்துவிடுகிறார்கள். சித்திரை மாதத்தில் அந்தப் பரணின் உஷ்ணம் எவ்வளவு என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்காம் பை 80 டிகிரியை எட்டியதும் வேகத்தைக் குறைக்கும். பெட்டியே வெந்நீர்ப் பானையாக இருக்கும் இடத்தில் அதற்கு அதிக நேரம் ஆகாது. வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப் பல்லிகள் உள்ளே புகுவது வேறு தொல்லை. உயிரிழந்த பல்லியைப் போர்டின் மேலிருந்து எடுத்த அனுபவம் இந்தத் தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் உண்டு. காற்றுத் துவாரங்களுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டுவது அழகாக இராது, நான் ஒட்டிவிடுகிறேன்.

2021-க்குப் பின் இரண்டு வருஷ காலம் ராஸ்பெர்ரி பை கிடைப்பதே அரிதாகி, கிடைத்த இடத்திலும் விலை ஏறிப் போனது. அந்தத் தட்டுப்பாடுதான் எங்களில் பலரைச் சென்னை ரிச்சி தெருவுக்கு அனுப்பியது. குத்தகை முடிந்து ஐ.டி. கம்பெனிகள் திருப்பிக் கொடுத்த ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி, எலைட்டெஸ்க் மினி போன்ற, ஒரு புத்தகக் கனமே உள்ள பெட்டிகள் அங்கே வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றை வாங்குகிறவர் கடையிலேயே பயாஸைத் திறந்து பார்க்க வேண்டும். கம்பெனி போட்ட பாஸ்வேர்டு நீக்கப்படாமல் இருந்தால், தானாக எழும்பும் வசதியைக்கூட மாற்றிக்கொள்ள முடியாது. சொந்த அடாப்டரைக் கேட்டு வாங்குவதும் அவசியம். சில பெட்டிகள் தமக்கு உரிய அடாப்டர் இதுதான் என்று அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். இவ்வளவும் சரியாக இருந்தால், மெமரியைக் கூட்டவும், டிஸ்க்கை மாற்றவும், ஸ்க்ரூ டிரைவரால் திறக்கவும் முடிகிற அந்தப் பெட்டிகளுக்கு நிகரான சரக்கு அந்த விலையில் கிடையாது.

ராஸ்பெர்ரி பைக்குப் போட்டியாக வந்த ஏ.ஆர்.எம். போர்டுகளில் சில, காகிதத்தில் அதைவிட எத்தனையோ கெட்டிக்காரத்தனம் உள்ளவை. ஆனால் அவற்றைச் செய்தவர் கொடுத்த பழைய கெர்னலில் மாத்திரமே அவை முழுமையாக ஓடும். அவர் அடுத்த போர்டுக்குப் போய்விட்டால் இது அநாதை. சாதாரண லினக்ஸ் எதுவாயினும் அப்படியே ஏறிக்கொள்ளும் இன்டெல், ஏ.எம்.டி. பெட்டிகளை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் வேகம் அன்று, பத்து வருஷம் கழித்தும் அவற்றுக்குச் செக்யூரிட்டி அப்டேட் வரும் என்ற நிம்மதிதான்.

இனி, பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பிணைத்து வேலை வாங்கும் கிளஸ்டர் விஷயம். எஞ்சினீயரிங் கல்லூரிப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அண்ணா, 4 ஜி.பி. போர்டு நாலு வாங்குனா 16 ஜி.பி. மெமரி ஆயிடுமில்லீங்க?" என்று கேட்டான். ஆகாது என்று சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. நான்கு போர்டுகளும் நான்கு கம்ப்யூட்டர்களாகவே இருக்கும், 5 ஜி.பி. கேட்கிற ஒரு புரோகிராமுக்கு அந்த நான்கில் எதிலும் இடம் இல்லை. நடுவே இருக்கும் ஒரு கிகாபிட் கேபிள் வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. ஒரு போர்டு தன் சொந்த மெமரியோடு பேசும் வேகம் அதற்குப் பல மடங்கு மேல். வேலையைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகள் ஒன்றோடொன்று அதிகம் பேசாமல் ஓட முடியுமானால்தான் கிளஸ்டரால் லாபம். பிரிக்க முடியாத பகுதி எவ்வளவு உண்டோ, அதுவே மொத்த வேகத்துக்கும் எல்லை என்று ஜீன் ஆம்டால் 1967-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

இந்த மார்க்கத்தைச் சாமானியர்களுக்குத் திறந்தவர்கள் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர். 1994-இல் நாஸாவின் காடர்ட் நிலையத்தில், சூப்பர் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கப் பணமில்லாத நிர்ப்பந்தத்துக்கு விடையாக, கடையில் கிடைக்கிற 486 வகைப் பிராசசர்கள் 16-ஐ ஈதர்நெட்டால் பிணைத்து பெயோவுல்ஃப் என்று பெயரிட்டார்கள். 2012-இல் சௌதாம்ப்டன் சர்வகலாசாலையின் பேராசிரியர் சைமன் காக்ஸ் 64 ராஸ்பெர்ரி பைகளை, தம் ஆறு வயது மகனையும் சேர்த்துக்கொண்டு, லெகோ கட்டைகளாலான அடுக்கில் நிறுத்தினார். 2017-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சி நிலையத்துக்காக 750 பைகள் ஒன்று சேர்ந்தபோதும், பெரிய சூப்பர் கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராம்களை அதன் நேரத்தை வீணாக்காமல் பரீட்சித்துப் பார்ப்பதே அதன் உத்தேசம். கற்பதற்கும் பரீட்சைக்கும் கிளஸ்டர் உத்தமமானது என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை.

ஒரு கம்ப்யூட்டர் போனாலும் மற்றவை தாங்கும் என்பதற்காக வீட்டில் கிளஸ்டர் கட்டுகிறவர்களோடுதான் நான் வாதாடுகிறேன். கிளஸ்டரை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் போன்ற ஏற்பாடுகளில் கம்ப்யூட்டர்களில் பெரும்பான்மை உயிரோடு இருக்க வேண்டும். மூன்று இருந்தால் ஒன்று போகலாம், ஐந்து இருந்தால் இரண்டு போகலாம், இரண்டே இருந்தால் ஒன்றுகூடப் போகக் கூடாது. அந்த மூன்றும் ஒரே பிளக் பாயிண்டில், ஒரே இன்வெர்ட்டரில், ஒரே ஈதர்நெட் சுவிட்சில் தொங்கும்போது அங்கே எதைக் காப்பாற்றுகிறோம்? அவை தம் நிலைமையை ஓயாமல் டிஸ்க்கில் எழுதி உறுதிசெய்து கொள்வதால், மெமரி கார்டில் வைத்தால் கார்டின் மந்தத்தினாலேயே ஒன்றையொன்று செத்துவிட்டதாக எண்ணித் தடுமாறும். நான்கு போர்டு, நான்கு அடாப்டர், ஒரு சுவிட்ச் எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 20 வாட்டை நெருங்கும். அவற்றுக்குப் பதிலாக 16 ஜி.பி. மெமரியுள்ள என்100 பெட்டி ஒன்று பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அந்த வேலை அனைத்தையும் செய்வதோடு, பிராக்ஸ்மாக்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு அதனுள்ளேயே நான்கு கற்பனைக் கம்ப்யூட்டர்களை உண்டாக்கிக் கிளஸ்டர் பாடம் படிக்கவும் இடம் கொடுக்கும். கல்லூரிப் பையனுக்கு அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றே ஒன்றை அணைத்து மற்றவை என்ன செய்கின்றன என்று பார்க்கும் விளையாட்டில் அவன் இன்று என்னைவிடக் கைதேர்ந்தவன்.

வீட்டுக்கு ஒரே ஒரு சர்வர் போதும். தானாக எழும்புகிறதா, சும்மா இருக்கும்போது 10 வாட்டுக்குள் அடங்குகிறதா, எஸ்.எஸ்.டி. ஏறுகிறதா என்று பார்த்து, மீட்டர் போட்டுச் சோதித்து வாங்குங்கள். இரண்டாவது யந்திரத்துக்கும் கையில் பணம் இருக்கிறவர்கள் அதை முதல் யந்திரத்தின் பக்கத்தில் அடுக்காமல், பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ வைத்து, இரவுதோறும் நகல் அங்கே போய்ச் சேரும்படி செய்துகொள்ளுங்கள். அவர்கள் வீட்டு இ.பி. பில்லில் கூடும் தொகையை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.